அந்த 'ஆர்' உங்களுக்குப் போட்டதல்ல

கேள்வி: வயது 61. இந்த வருடம் மூன்றாவது முறையாகச் சிறுநீர்த் தொற்று. கல்ச்சர் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் பல மருந்துகளுக்கு எதிரே 'ஆர்', அதாவது ரெசிஸ்டன்ட், கிருமி அந்த மருந்துக்கு அடங்காது என்று போட்டிருக்கிறது. அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையில் எரிச்சல் நின்றது. மறுபடி வராமலிருக்க, மிச்சமிருந்த மாத்திரைகளையும், கிருமியின் எதிர்ப்பை உடைக்கும் என்று நெட்டில் படித்த மஞ்சள், மிளகுச் சத்து கேப்ஸ்யூலையும் சாப்பிட்டேன். இனி எனக்கு எந்த மருந்தும் கேட்காதா? இரண்டு வாரமாக உடம்பு அரிக்கிறது, தோல் வறட்சிதான் என்று நினைக்கிறேன்.

பதில்: போகிற போக்கில் எழுதிய அரிப்பிலிருந்து தொடங்குகிறேன். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கீழ் இமையை இழுத்து வெண்விழியைப் பாருங்கள். மஞ்சளா? சிறுநீர் தேநீர் நிறத்தில் போகிறதா? மலம் வெளிறியிருக்கிறதா? இந்தக் கூட்டு மாத்திரை சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். வயதானவர்களுக்கும், திரும்பத் திரும்பச் சாப்பிடுபவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். மாத்திரையை நிறுத்திச் சில வாரம் கழித்துக்கூட வரும் என்பதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. மஞ்சள், மிளகுச் சத்து கேப்ஸ்யூலாலும் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. கண் மஞ்சளாக இல்லாவிட்டாலும் இரண்டையும் இன்றே நிறுத்தி, கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண் மஞ்சளானதோடு வாந்தியோ, பேச்சில் குழப்பமோ இருந்தால் நேராக எமர்ஜென்சி. பெரும்பாலும் நிறுத்தினாலே சரியாகிவிடும்.

சரி, 'ஆர்'. அது அன்றைக்குப் பிடிபட்ட கிருமியைப் பற்றியது, உங்கள் உடம்பைப் பற்றியது அல்ல. அந்தக் கிருமி ஒரு நொதியைச் சுரந்து அமாக்ஸிசிலினை வெட்டிப்போடும். கிளாவுலானிக் அமிலம் தனியாகக் கிருமியைப் பெரிதாகக் கொல்லாது. நாய்க்கு எறிந்த எலும்பு மாதிரி. நொதி அதைக் கவ்வும், கவ்விய வாயைத் திறக்க முடியாது. அந்த நேரத்தில் அமாக்ஸிசிலின் தன் வேலையை முடிக்கும். டாசோபாக்டம், அவிபாக்டம் என்று இந்த வகையில் இன்னும் சில இருக்கின்றன. ஆக, கையிருப்பு தீர்ந்துவிடவில்லை.

மிளகிலிருக்கும் பைப்பரின் கதை வேறு. சில கிருமிகள் மருந்தை வெளியே இறைக்கும் பம்ப் வைத்திருக்கின்றன. ஆய்வகத்தில், ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் கிருமியின் பம்பைப் பைப்பரின் அடைத்தது உண்மை. உங்களுக்கு வந்தது பெரும்பாலும் ஈ.கோலை என்னும் குடல் கிருமியாக இருக்கும். அது வேறு ஜாதி. பம்பை அடைப்பதற்கென்று எந்த மருந்தும் இன்னும் சிகிச்சைக்கு வரவில்லை. அதற்குள் கேப்ஸ்யூல் மட்டும் விற்பனைக்கு வந்துவிட்டது!

அப்புறம், மாத்திரை மிஞ்சியது எப்படி? எரிச்சல் நின்றதும் நீங்களே நிறுத்தியிருப்பீர்கள். அடுத்த முறை எரிந்தால், முதல் மாத்திரைக்கு முன் சிறுநீரை கல்ச்சருக்குக் கொடுங்கள். இப்போது டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த கேப்ஸ்யூல் டப்பாவையும் மறைக்காமல் எடுத்துப் போங்கள்.