தடைக்காலத்தில் போன முதுகுவலி கடலுக்குப் போனதும் திரும்புவது ஏன்?

கேள்வி: வயது 38. பாம்பனில் விசைப்படகுத் தொழிலாளி. இடுப்பின் வலப்பக்க வலி மீன்பிடித் தடைக்காலத்தில் போய்விட்டது. ஜூனில் கடலுக்குப் போன முதல் வாரமே, வலையின் மடியைத் தூக்கும்போது மறுபடி பிடித்துக்கொண்டது. ஸ்கேனில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) பிதுங்கியிருக்கிறதாம். தெரிந்தவர் ஒருவர் மதுரையில் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதியதில் ஆபரேஷனுக்கான காரணம் ஒன்றுகூட இல்லை.

வலைக்கயிற்றை இழுக்க உதவுபவை முதுகின் மேலாகத் தடித்து ஓடும் நீளத் தசைகள். அவற்றுக்கு அடியில், முதுகெலும்பை ஒட்டி, மல்டிஃபிடஸ் என்ற தசை இருக்கிறது. சிறு சிறு கட்டுகளாகக் கிளம்பி, 2 முதல் 4 எலும்பு தாண்டி மேலே பற்றிக்கொள்ளும். பனைமட்டை வேலியில் மட்டைக்கு மட்டை போடும் கட்டைப் போல. ஒரு கட்டு தளர்ந்தால் வேலி விழாது. காற்றில் அந்த இடம் மட்டும் ஆடும்.

முதுகு ஒருமுறை பிடித்தாலே வலித்த பக்கத்தில் இந்தத் தசை மெலியலாம். வலி நின்றாலும் பலருக்கு அது தானாகத் தேறுவதில்லை. தடைக்காலத்தின் 61 நாள் ஓய்வு வலியைத்தான் போக்கியது, தசையைத் தேற்றவில்லை.

அதைத் தேற்ற, கடும் வலி தணிந்ததும் முட்டியையும் உள்ளங்கையையும் தரையில் ஊன்றி, இடக்கையையும் வலக்காலையும் நீட்டுங்கள். இடுப்பு சாயாமல் 10 எண்ணுங்கள். பிறகு கை, காலை மாற்றுங்கள். தினமும், மூன்று மாதம். ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட் முன் செய்து காட்டுங்கள்.

ஸ்கேன் தாளைக் கண்டு நடுங்காதீர்கள். முதுகுவலியே இல்லாத 40 வயதுக்காரர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும். அந்த ஒரு வரியை வைத்துத்தான் ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் பிழைக்கிறார்கள். அழைத்துப் போகிறவருக்குத் தலைக்கு எவ்வளவு கமிஷன் என்று நேராகக் கேளுங்கள். இடுப்பை மிதித்து டிஸ்க்கை உள்ளே தள்ளுகிறேன் என்பவரிடமும் போகாதீர்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது. சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு நிமிடம் பார்த்து வலி மாத்திரை எழுதும் டாக்டர்களான எங்கள் வழக்கம் ஒழியாதவரை, கேட்காமல் எதுவும் கிடைக்காது.

இந்த அறிகுறிகளில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமல் போய்விடுவது. மலம் அடக்க முடியாமல் போவது. ஆசனவாயைச் சுற்றியும் தொடையிடுக்கிலும் மரத்துப்போவது. பாதம் தூக்க வராமல் தொங்குவது. சிறுநீர் அடைத்தால் வலி குறைந்திருந்தாலும் ஆபத்துதான். அது நரம்பு நசுங்கும் அறிகுறி. மணிக்கணக்கில் முடிவாகும் விஷயம். அப்போது ஆபரேஷன் தேவைப்படலாம், அதற்குத் தயங்கக் கூடாது. நடுக்கடலில் நேர்ந்தால் படகைத் திருப்பச் சொல்லுங்கள். மீன்பாட்டைப் பார்த்து விடியும்வரை பொறுக்க வேண்டாம்.