சிவப்புத் தொட்டி ஏன் காலி?

கேள்வி: கோவை கணபதியில் அப்பா ஆரம்பித்த லேத் பட்டறையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். நான்கு சிஎன்சி (கம்ப்யூட்டர் வழி ஓடும்) மெஷின், 22 பேர். பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறோம். ஐஎஸ்ஓ 9001 தரச் சான்று வாங்கியாயிற்று. கன்சல்டன்ட் வைத்து டிக்யூஎம் (எல்லோரும் சேர்ந்து தரம் காக்கும் முறை) வகுப்பும் நடத்தினோம், சுவரெல்லாம் சார்ட்டும் பேனரும்தான். ஆனாலும் பெரிய கஸ்டமரிடமிருந்து லாட் லாட்டாகத் திரும்பி வருகிறது. பேரிங் உட்காரும் இடத்தில் அளவு சரியில்லையாம். மூன்று மாதம் கெடு கொடுத்திருக்கிறார்கள். ஆட்களுக்குப் பொறுப்பு வரட்டும் என்று ரிஜெக்ட் ஆகும் பீஸுக்கு 50 ரூபாய் சம்பளத்தில் பிடிக்கிறேன். மெஷின் ஓட்டும் என் சித்தப்பாவுக்கும் விதிவிலக்கு இல்லை. ரிஜெக்ட் போடும் சிவப்புத் தொட்டி இப்போதெல்லாம் காலியாகவே கிடக்கிறது, அது ஒன்றுதான் ஆறுதல். சிக்ஸ் சிக்மா என்கிற தர முறைக்கு மாறலாமா, இல்லை இன்ஸ்பெக்‌ஷனுக்கு இன்னும் இரண்டு பேரைப் போடலாமா? அப்பாவோ, 'பசங்கள சும்மா விடுடா' என்கிறார்.
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, சிக்ஸ் சிக்மா இருக்கட்டும். சிவப்புத் தொட்டி காலி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம்.

கஸ்டமரிடமிருந்து லாட் திரும்புகிறது. உங்கள் தொட்டியோ காலி. அப்படியானால் கெட்ட பீஸெல்லாம் எங்கே போயிற்று என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? நல்ல பீஸ் ட்ரேயில், அடி அடுக்கில் கலந்து கஸ்டமருக்கே போயிருக்கிறது. ஒன்றிரண்டு டிபன் பையில் கேட்டைத் தாண்டியிருக்கும். மார்க் குறைந்தால் அடி விழுகிற வீட்டில் ரேங்க் கார்டு பையனின் பைக்குள்ளேயேதான் கிடக்கும். தொட்டி நிறைந்திருந்த காலத்தில் உங்கள் பட்டறை உங்களிடம் உண்மை பேசிக்கொண்டிருந்தது. பீஸுக்கு 50 ரூபாய் வைத்து அதன் வாயை அடைத்தது நீங்கள். அதைத்தான் ஆறுதல் என்கிறீர்கள்.

மெஷின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். பேரிங் உட்காரும் இடம் 25 மில்லிமீட்டர், கே6 ஃபிட் (அளவு எவ்வளவு விலகலாம் என்கிற வரம்பு) என்றால் 25.002-லிருந்து 25.015 வரை இருக்கலாம். மொத்த இடமே 13 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் 13 பங்கு. கடையக் கடைய, இன்சர்ட் என்கிற வெட்டும் துண்டின் முனை தேயும், அளவு மெல்லப் பெருக்கும். மெஷினில் ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) கொடுத்து இழுத்துப் பிடிக்க வேண்டும், ஒரு கட்டத்தில் இன்சர்ட்டையே மாற்ற வேண்டும். புது இன்சர்ட் எங்கே இருக்கிறது? உங்கள் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடந்தால், நீங்கள் பேங்க் போய்வரும் வரை அந்த ஆள் தேய்ந்த முனையிலேயே ஓட்டுவார். சூடாக இறங்கின பீஸை அப்படியே அளக்கிறார்களா? 10 டிகிரி சூட்டுக்கே அந்த விட்டம் கிட்டத்தட்ட 3 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். அளக்கும்போது பாஸ், ஆறினபின் ஃபெயில். மைக்ரோமீட்டரைக் கடைசியாக எப்போது ஜீரோ பார்த்தீர்கள்? இதில் எதற்காவது ஆபரேட்டர் சம்பளத்தில் பிடிக்க முடியுமா, சொல்லுங்கள்.

உங்கள் கன்சல்டன்ட் வகுப்பில் தர நிபுணர் டெமிங் பெயரைச் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். அந்த அமெரிக்கர் 1950-ல் ஜப்பானுக்குப் போனபோது கம்பெனி முதலாளிகளை உட்கார வைத்தும் பாடம் எடுத்தார். தரத்துக்குப் பொறுப்பு மேலிடம் என்பது அவர் கட்சி. பின்னாளில் அவர் எழுதின 14 விதிகளில், வேலை இடத்திலிருந்து பயத்தை விரட்டு என்பது ஒன்று, தொழிலாளிக்குக் கோஷமும் இலக்கும் எழுதி ஒட்டாதே என்பது இன்னொன்று. நீங்கள் பேனரை மாட்டிவிட்டுப் பயத்தையும் கூடவே கொண்டுவந்திருக்கிறீர்கள்! அவர் வகுப்பில் ஒரு விளையாட்டு உண்டு. வெள்ளை மணியும் சிவப்பு மணியும் கலந்த பெட்டி, குழி வைத்த ஒரு கரண்டி. சிவப்பு வராமல் அள்ளு என்று சொல்லி, அள்ளுகிறவரைத் திட்டுவார், பாராட்டுவார், வேலையை விட்டே தூக்குவார். சிவப்பு குறையாது, அது பெட்டியிலேயே இருக்கிறது.

டொயோட்டா குடும்பம் முதலில் தறி செய்தவர்கள். 1924-ல் சகிச்சி டொயோடா கொண்டுவந்த தறியில் நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். பிற்பாடு கார் லைனிலும் அதே கதைதான்: கோளாறைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுப்பார், லீடர் உதவிக்கு ஓடி வருவார், தீராவிட்டால் லைன் நிற்கும். இழுத்தவருக்கு அபராதம் கிடையாது. சியாட்டிலில் வர்ஜீனியா மேசன் என்ற ஆஸ்பத்திரி இந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டது, அங்கே நோயாளிக்கு ஆபத்து என்று பட்டால் நர்ஸும் நிறுத்தச் சொல்லலாம். அமெரிக்க விமானத் துறையில் 1976 முதல் பைலட்டுகள் தங்கள் தவறுகளை நாசாவுக்கு எழுதி அனுப்புகிறார்கள். நடவடிக்கை எடுக்கிற அதிகாரியிடம் எவன் போய்ச் சொல்வான் என்றுதான் அதை வேறு கையில் கொடுத்தார்கள். அவ்வளவு தூரம்கூட வேண்டாம், சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-லேயே, அந்த டெமிங் பெயரில் ஜப்பானில் கொடுக்கிற தரப் பரிசை வாங்கியது, இந்தியாவில் அதுதான் முதல். ஷாஃப்டோ ஊசியோ விமானமோ, கெட்ட செய்தி சீக்கிரம் வர வேண்டும், கொண்டுவந்தவன் கை சுடக் கூடாது.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு இரண்டு பேர் வேண்டாம். கெட்டுப்போன பிறகு பொறுக்குவதற்குச் சம்பளம் எதற்கு? அந்தக் காசுக்கு இன்சர்ட் வாங்கி மெஷின் பக்கத்திலேயே வையுங்கள். அரை மணிக்கு ஒரு பீஸை ஆறவைத்து அளந்து, ஆபரேட்டரே தாளில் புள்ளி வைக்கட்டும். புள்ளிகள் ஒரே பக்கமாக ஏறினால் ரிஜெக்ட் ஆவதற்கு முன்பே தெரிந்துவிடும். அப்பா சொல்வதும் பாதிதான் சரி. சும்மா விட்டால் போதாது, கூட நிற்க வேண்டும்.

அபராதத்தை இன்றே நிறுத்துங்கள். சட்டமும் அதற்கு இடம் கொடுக்காது: அபராதம் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதுவும் ஆளிடம் விளக்கம் கேட்காமல் பிடிக்கக் கூடாது. பிடித்ததையெல்லாம் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். விதிவிலக்கு இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. உறவுக்காரருக்குச் சலுகை காட்டாதது சரி, ஆனால் தப்பான சட்டத்தை வீட்டுப் பெரியவர் மேல் முதலில் போட்டுக் காட்டியது நியாயம் ஆகாது. அவர் சம்பளத்திலேயே கை வைத்தவன் நம்மை விடுவானா என்று மற்ற 21 பேரும் அன்றைக்கே முடிவு பண்ணியிருப்பார்கள். மெஷின் சத்தத்திலேயே முனை தேய்ந்ததைச் சொல்லக்கூடிய மனிதர் உங்களிடம் வாய் திறக்காமல் ஷிப்ட் முடித்துப் போகிறார் என்றால், நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போங்கள். பணத்தைக் கவரில் போட்டு ஆள் மூலம் கொடுத்தனுப்புகிற வேலை வேண்டாம். சித்தி எதிரிலேயே கொடுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் எந்த மெஷினில் எத்தனை மணிக்கு அளவு ஓடுகிறது என்று கேளுங்கள். அவர் சொன்னதை எழுதி அனுப்புங்கள், கன்சல்டன்ட் வேண்டுமா வேண்டாமா என்பதை அதற்கு மேல் பார்க்கலாம்.