சி.பி.எல். (வணிக விமானி உரிமம்) முடித்து 210 மணி நேரம் மட்டுமே பறந்த எனக்கு மலேசியாவில் ஒரு சிறிய விமான நிறுவனத்தில் துணை விமானி வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் கேள்வியின் முடிவில் "இன்னும் 300 மணி நேரம் காசு கட்டிப் பறந்துவிடலாமா?" என்று சேர்த்திருக்கிறீர்களே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டை அடகு வைத்தோ, அப்பாவின் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்தோதான் நீங்கள் பயிற்சிக் கட்டணத்தைக் கட்டியிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். பினாங்கின் பிறையில் எங்கள் வீட்டில் இரண்டுமே நடந்தன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் 2016-இல் சி.பி.எல்., பல இயந்திர விமானங்களுக்கான கருவிப் பறப்புத் தகுதியான ஐ.ஆர்., பயணிகள் விமானக் கேப்டனுக்கான ஏ.டி.பி.எல். உரிமத்தின் 14 பாடங்கள் ஆகியவற்றை முடித்து வெளியே வந்தபோது என் பதிவேட்டில் 205 மணி நேரம் இருந்தது. சேரும்போது வேலை உறுதி என்பதுபோலப் பேசிய பயிற்சிப் பள்ளி, முடித்த பிறகு என் மின்னஞ்சலுக்குக்கூடப் பதில் எழுதவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் உட்கார வைத்து அப்படிப் பேசுவது பெரிய தவறு என்று இன்றும் நினைக்கிறேன்.

முதல் அழைப்பு 2017-இன் இறுதியில் வந்தது. எழுத்துத் தேர்வில் தேறினேன். நேர்காணலில், மூன்று பாகைச் சரிவில் 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) வேகத்தில் இறங்கினால் நிமிடத்திற்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்று கேட்டார்கள்; வேகத்தை ஐந்தால் பெருக்கி ஏறக்குறைய 600 என்று உடனே சொன்னேன். அடுத்து, "கடைசியாகக் கருவிகளை மட்டும் நம்பி எப்போது பறந்தீர்கள்?" என்று ஒரு மூத்த கேப்டன் கேட்டார். பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. ஐ.ஆர். பன்னிரண்டு மாதங்களுக்கே செல்லும் என்பதால் என்னுடையது காலாவதியாகியிருந்தது. நேர்காணல் அத்துடன் முடிந்தது. என்னோடு வந்தவர்களுள் என்னைவிடக் குறைந்த மணி நேரம் பறந்திருந்த ஒருவர் தேர்வானார், அவருடைய ஐ.ஆர். நடப்பில் இருந்தது.

இருவர் சேர்ந்து இயக்கும், காற்றாடிகளைச் சுழற்றிப் பறக்கும் டர்போபிராப் விமானத்தை வைத்திருக்கும் நிறுவனத்திற்கு, ஒற்றை இயந்திரச் செஸ்னாவில் 210 மணி நேரம் பறந்தவரும் 510 மணி நேரம் பறந்தவரும் ஏறக்குறைய ஒன்றுதான். இருவருக்கும் ஏ.டி.ஆர். 72 போன்ற அந்த விமானத்துக்கான தகுதிப் பயிற்சியை முதலிலிருந்து கொடுத்தாக வேண்டும். ஒதுக்கப்பட்ட சிமுலேட்டர் (தரையிலிருக்கும் மாதிரி விமானக் கருவி) வகுப்புகளுக்குள் இவர் தேறிவிடுவாரா என்பதுதான் அவர்களுடைய கவலை, ஏனென்றால் கூடுதலாகும் ஒவ்வொரு வகுப்பும் அவர்களுக்குச் செலவு.

ஆகவே கையில் இருந்த பணத்தில் ஐ.ஆரைப் புதுப்பித்தேன். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் பயணிகள் பதிவு முகப்பில் வேலை பார்த்துக்கொண்டே, மாதம் ஒருமுறை பழைய வகுப்புத் தோழி ஒருத்தியுடன் செலவைப் பகிர்ந்து சிமுலேட்டரில் பயிற்சி செய்தேன். தினமும் காலையில் பினாங்கு, கோலாலம்பூருக்கு அருகிலுள்ள சுபாங் ஆகிய விமான நிலையங்களின் வானிலை அறிக்கைகளைப் படித்து, அன்று பறந்தால் என்ன முடிவெடுப்பேன் என்று எழுதி வைத்தேன். அது வீண்போகவில்லை. அடுத்த நேர்காணலில், மேற்குக் கரையைச் சுமத்ரா புயற்கோடுகள் (வரிசையாக வரும் இடிமழை மேகங்கள்) ஏன் பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் அதிகாலையிலும் தாக்குகின்றன என்று கேட்டபோது, இரவில் இரு கரைகளிலிருந்தும் வீசும் நிலக்காற்று மலாக்கா நீரிணையின் மேல் சந்திப்பதிலிருந்து தொடங்கி விளக்க முடிந்தது.

சிமுலேட்டர் தேர்வில் தவறு செய்தேன். தன்னியக்கம் இல்லாமல், ஓடுதளத்தின் வானொலிக் கற்றைகளைப் பின்பற்றி இறங்கும் ஐ.எல்.எஸ். அணுகுதல் செய்யச் சொன்னார்கள். ஓடுதளத்தின் நேர்க்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் கற்றையை மிக அகலமான கோணத்தில் பிடிக்கப் போய் மறுபக்கம் கடந்துவிட்டேன். ஓடுதளத்திற்கு ஆயிரம் அடி உயரத்திலும் நேர்க்கோட்டுக்கு வராததால், "கோ அரவுண்ட்" என்று உரக்கச் சொல்லி மேலேறினேன். கை நடுங்கியது, வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். தேர்வாளர் அமைதியாக, "லோக்கலைசர் ஊசி நகரத் தொடங்கியதுமே திரும்புங்கள், அது நடுவுக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி பறக்கச் சொன்னார். இரண்டாவது முறை அப்படியே செய்தேன். பணியில் சேர்ந்து பல மாதங்களுக்குப் பிறகு அவரே சொன்னார்: நிலைப்படாத அணுகுதலைக் கைவிட்டதையும், சொன்ன திருத்தத்தை அடுத்த முறையே செய்து காட்டியதையும்தான் அன்று குறித்துக்கொண்டாராம்.

'கேபிள்' (செல்வாக்கு) இல்லாமல் இந்த நாட்டில் எதுவும் நடக்காது என்று சிலர் பின்னூட்டத்தில் எழுதுவார்கள். செல்வாக்கால் உள்ளே வந்தவர்கள் எங்குமே இல்லை என்று நான் சொல்லவில்லை. என் தந்தை துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டியவர், எங்களுக்கு எந்தக் கேப்டனையும் தெரியாது என்பதை மட்டும் சொல்கிறேன். நான் தேர்வுக் குழுவில் இருப்பவளும் அல்லள். என் அனுபவம் ஒரே நிறுவனத்தோடு முடிகிறது.

'காற்றாடி விமானம்தானே' என்று உறவினர்கள் சொல்வதையும் பொருட்படுத்தாதீர்கள். ஒரே நாளில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் வேறொரு வானிலையில் தரையிறங்கும் வேலையை நான் மதிப்புக் குறைந்ததாக ஒருநாளும் எண்ணியதில்லை. 1998-இல் கோலாலம்பூரின் புதிய விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ. திறந்த பின் பல ஆண்டுகள் சுபாங்கின் உள்நாட்டுச் சேவைகளைத் தாங்கியவை இந்த விமானங்களே. 2024 ஆகஸ்ட்டில் பயணிகள் ஜெட் சேவை அங்கு மீண்டும் தொடங்கியது. ஆனாலும் டர்போபிராப் இடங்களை ஒதுக்கிவிட்டு ஜெட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வேலைக் கடிதம் வந்தால், பிணை ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுகள், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அந்தத் தொகை ஆண்டுதோறும் குறையுமா என்பவற்றைக் கையொப்பமிடுவதற்கு முன்பே கேளுங்கள். உங்கள் ஐ.ஆர். எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கீழே குறிப்பிட்டால், புதுப்பிப்புக்கு முன் எந்தெந்தப் பயிற்சிகளைச் செய்தேன் என்பதை விரிவாக எழுதுகிறேன்.