பாய்லரை எரிவாயுவுக்கு மாற்றலாமா?

கேள்வி: எங்கள் ஆலையின் பாய்லர் ஃபர்னஸ் ஆயிலில் ஓடுகிறது. குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்கு மாறினால் செலவும் குறையும், சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. மீத்தேன் கசிவால் எரிவாயுவும் மோசம்தான் என்று வேறொரு இடத்தில் படித்தேன். 10 ஆண்டு ஒப்பந்தம் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: பிரதிநிதி சொல்வது உங்கள் ஆலையின் மதில்சுவர் வரை உண்மை. கந்தகப் புகை ஏறக்குறைய இல்லாமல் போகும், கரியும் படியாது. ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு ஃபர்னஸ் ஆயில் சுமார் 77 கிலோ கார்பன் டை ஆக்சைடைக் கக்கும். எரிவாயு 56 கிலோதான்.

சிக்கல் மதிலுக்கு வெளியே இருக்கிறது. இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். எரியாமல் தப்பும் ஒரு கிலோ மீத்தேன், பூமியைச் சூடாக்கும் விளைவை 100 ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்தால் சுமார் 30 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 20 ஆண்டுக் கணக்கில் 80 கிலோவுக்கும் மேல். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிகாஜூலுக்கு ஏறக்குறைய 20 கிலோ மீத்தேன் தேவை. மாறுவதால் மிச்சமாவது 21 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கிணற்றுக்கும் உங்கள் பர்னருக்கும் இடையே கால் கிலோ மீத்தேன், அதாவது 1.3 சதவீதம், கசிந்தாலே 20 ஆண்டுக் கணக்கில் அந்த லாபம் போய்விடும். 100 ஆண்டுக் கணக்கில் 3.5 சதவீதம் வரை தாங்கும். எண்ணெய் எடுக்கும் இடத்திலும் மீத்தேன் கசியும். அதையும் சேர்த்தால் இந்த வரம்புகள் கொஞ்சம் தளரும். அமெரிக்காவில் களத்தில் அளந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, அந்நாட்டு எரிவாயு உற்பத்தியில் 2.3 சதவீதம் கசிவதாகக் கணித்தது. ஆகவே நீங்கள் படித்ததும் வெறும் பயமுறுத்தல் அல்ல.

விற்றால் காசாகும் பொருளை ஏன் கசியவிடுகிறார்கள்? பல வயல்களில் எண்ணெய்தான் சரக்கு, எரிவாயு அதோடு கூடவே வருவது. குழாய் போதாத மேற்கு டெக்சாஸில் எரிவாயு விலை பலமுறை பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கிறது; எடுத்துக்கொண்டு போக விற்பவரே பணம் கொடுத்தார். அப்படிப்பட்ட இடத்தில் வால்வு பழுதுபார்க்க யார் செலவழிப்பார்? கிணற்றடியில் விலை எவ்வளவு மலிவோ, அவ்வளவு அலட்சியம்.

அந்த மலிவு உங்கள் வாசலுக்கு வரும் என்றும் எண்ண வேண்டாம். நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி கொண்டுவரும் செலவாக இருக்கலாம். கப்பலில் வருவதென்றால் மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்து, 600-ல் ஒரு பங்கு கனஅளவுக்குச் சுருக்க வேண்டும். அந்த வேலைக்கே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எரிவாயு செலவாகிவிடும். 2022 ஆகஸ்டில் ஐரோப்பியச் சந்தையில் எரிவாயு விலை ஒரு மெகாவாட்-மணி ஆற்றலுக்கு 300 யூரோவைத் தாண்டியது; அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே சந்தையில் அது 10 யூரோவுக்கும் கீழே கிடந்தது.

ஆகவே ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். விலை கச்சா எண்ணெயோடு கட்டப்பட்டிருந்தால், எண்ணெய் ஏறும்போது இதுவும் ஏறும், மாறியும் பயனில்லை. 'எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம்' என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். ஆலை மந்தமாக ஓடும் மாதங்களில் அதுதான் கழுத்தை நெரிக்கும். குறைந்தபட்ச அளவை உங்கள் மிக மோசமான ஆண்டின் பயன்பாட்டுக்கு இறக்கக் கேளுங்கள். கன மீட்டருக்கு அல்ல, வெப்பத்துக்கு விலை பேசுங்கள். எரிவாயு எங்கிருந்து வருகிறது, கசிவு அளக்கப்பட்டதா வெறும் மதிப்பீடா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், 'பசுமை' என்ற சொல்லை உங்கள் விளம்பரத்தில் போடாதீர்கள்.

நானாக இருந்தால் மாறுவேன், ஆனால் 10 ஆண்டுக்கு அல்ல, மூன்று ஆண்டு. கந்தகம் இல்லாததால் அமில அரிப்புக்குப் பயப்படாமல் புகைபோக்கி வெப்பத்தை இன்னும் இறக்கி எடுக்கலாம். எகனாமைசர் (புகையின் வெப்பத்தால் பாய்லருக்குப் போகும் நீரைச் சூடாக்கும் கருவி) வைத்தால் எரிபொருளே குறையும். பர்னரை இரண்டு எரிபொருளுக்கும் ஏற்றதாக வாங்குங்கள். பழைய எண்ணெய்த் தொட்டியை இப்போதைக்கு விற்க வேண்டாம்.