சுவிட்ச் சுவரிலேயே இருக்கிறது: வாசகர் கேள்விகள்

சிங்கப்பூரில் வீடு வீடாகப் போய் மின்சாரம் எங்கே ஒழுகுகிறது என்று அளப்பது என் பிழைப்பு. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஸ்மார்ட் சாதனங்களைப் பற்றியவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு சாதனத்தை வாங்குமுன், அது எந்த ஊர் வீட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்று பாருங்கள்.

பொங்கோல் வாசகர்: அண்ணா, சாதனங்கள் சும்மா இருக்கும்போது இழுக்கும் ஸ்டாண்ட்பை மின்சாரம் மிச்சமாகும் என்றார்களே என்று, ஆப்பில் அணைக்கும் 12 ஸ்மார்ட் பிளக் மாட்டினேன். மூன்று மாதமாகியும் பில் குறையவில்லையே?

குறையாது தம்பி, கூடியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்தப் பிளக் இரவும் பகலும் வைஃபையோடு பேசிக்கொண்டிருக்க, அதற்கே ஏறக்குறைய 1 வாட் வேண்டும். 12 பிளக்குக்கு 12 வாட் என்றால் ஆண்டுக்கு 105 யூனிட் (கிலோவாட் மணி). யூனிட் 30 காசு என்று வைத்தால் 31 வெள்ளி. இப்போதைய டிவிகளில் பல, ஸ்டாண்ட்பையில் அரை வாட்தான் இழுக்கின்றன. அரை வாட் திருடனைப் பிடிக்க ஒரு வாட் சம்பளத்தில் காவலாளி வைத்த கதை.

அமெரிக்க வீடுகளில் பிளக் செருகும் இடத்தில் பெரும்பாலும் சுவிட்ச் இருப்பதில்லை. அங்கே ஸ்மார்ட் பிளக்குக்கு ஓர் அர்த்தம் உண்டு. நமக்கோ பிரிட்டிஷ் முறை, மூன்று பட்டை முள் பிளக், பக்கத்திலேயே சுவிட்ச். பழைய சவுண்ட் சிஸ்டம், கேபிள் பெட்டி போன்றவை சும்மா இருக்கும்போதே 10 வாட் வரை இழுக்கலாம். அவற்றை மட்டும் தூங்கப் போகுமுன் விரலால் அணையுங்கள்.

தெம்பனிஸ் வாசகி: ஏர்கானுக்கு ஸ்மார்ட் கன்ட்ரோலர் வாங்கினால் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் என்கிறது விளம்பரம். நம்பலாமா?

அந்த எண் எந்த வீட்டில் அளந்தது என்று விளம்பரத்தைக் கேளுங்கள். தானியங்கித் தெர்மோஸ்டாட் புகழ்பெற்றது குளிர்நாட்டில். அங்கே ஒரே இயந்திரம் முழு வீட்டையும் சூடாக்கும். எல்லோரும் வேலைக்குப் போன பின்னும் காலி வீடு வெந்துகொண்டிருக்கும். அதை அணைத்தால் நல்ல மிச்சம்தான். நம் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நடப்பது வேறு. அறைக்கு ஒரு ஏர்கான், அதுவும் பெரும்பாலும் இரவில், ஆள் இருக்கும் அறையில் மட்டும். வெளியே கிளம்பும்போது அம்மா நாலு முறை கேட்பார், “ஏர்கான் அடச்சியா?” அதைவிட நல்ல சென்சர் இன்னும் சந்தைக்கு வரவில்லை.

இதில் ஒரு பொறியும் உண்டு. நீங்கள் எம்ஆர்டி ரயிலில் வரும்போதே அறையைக் குளிரவைக்கும் வசதியைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆளில்லாத அறைக்கு அரைமணி நேர ஏர்கான் என்பது செலவுக் கணக்கில் வர வேண்டியது. அதை எப்படி மிச்சத்தில் எழுதுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் பகலெல்லாம் ஏர்கானை ஓடவிட்டு மறந்துபோகும் வீடென்றால் கன்ட்ரோலர் உதவும். மற்றவர்கள் தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்கிற 25 டிகிரியில் வைத்து, கூடவே டிசி மின்விசிறியைச் சுழலவிடுங்கள். அது 30 வாட்டைச் சுற்றித்தான் எடுக்கும். புது ஏர்கானே வாங்குவதென்றால் மின்சிக்கன முத்திரையில் ஐந்து டிக் இருக்கிறதா பாருங்கள். 2024ல் வீவகக் குடும்பங்களுக்கு, மின்சிக்கனச் சாதனங்கள் வாங்க 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு வந்ததே, அதை இன்னும் தொடாமல் வைத்திருக்கும் வீடுகளை நான் பார்க்கிறேன்.

உட்லண்ட்ஸ் வாசகர்: உணவுக் கழிவை உரமாக்கும் மின் இயந்திரம், நிலத்தில் மீத்தேன் வாயு உருவாவதைத் தடுக்குமாமே?

குப்பையை மண்ணில் கொட்டிப் புதைக்கும் நாட்டுக்கு அந்த வாசகம் பொருந்தும். சிங்கப்பூரில் எரியக்கூடிய குப்பை எரிப்பு ஆலைக்குப் போய் எரிகிறது. 1999ல் திறந்த செமக்காவ் தீவுக் குப்பை நிலத்துக்குப் படகில் போவது பெரும்பாலும் சாம்பலும் எரியாத பொருள்களும்தான். புதைக்காத சோற்றிலிருந்து ஏது மீத்தேன்?

தவிர, அந்த இயந்திரங்களில் பல, கழிவைச் சூடாக்கிக் காயவைத்து அரைக்கின்றன, அவ்வளவே. மட்க நாளாகும், சில மணி நேரத்தில் வருவது உலர்தூள். ஒரு சுற்றுக்கு முக்கால் முதல் ஒரு யூனிட் ஆகும். மாதம் 25 சுற்று ஓட்டினால் ஏறக்குறைய 20 யூனிட். நம் மின்சாரத்தில் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால் யூனிட்டுக்கு 0.4 கிலோ கரியமில வாயு, ஆக மாதம் 8 கிலோ. எதை மிச்சம் பிடிக்க இது? நாற்றம்தான் தொல்லை என்றால் மீன் முள்ளைப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் வைத்து, மறுநாள் குப்பைக் குழாயில் போடுங்கள். என் வீட்டில் அதுதான் நடக்கிறது.

ஈசூன் வாசகி: நள்ளிரவில் துணி துவைக்கும்படி செட் பண்ணினால் மலிவா?

வழக்கமான கட்டணத்தில் இருந்தால் எல்லா மணிக்கும் ஒரே விலை. நேரத்துக்கேற்ற விலைத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் மட்டும் யோசியுங்கள், கீழ்வீட்டுக்காரர் தூக்கத்தையும் சேர்த்து.

ஜூரோங் வாசகர்: பிளக்கில் செருகினால் பில்லைப் பாதியாக்கும் பெட்டி?

உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் ஒரு விளக்கும். அது பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலை செய்கிறது என்ற விகிதத்தை, தொடலாம். வீட்டு மீட்டரோ கிலோவாட் மணியை, அதாவது யூனிட்டைத்தான் எண்ணுகிறது. வாங்காதீர்கள்.

செங்காங் வாசகர்: பிடிஓ (வீவகவின் புது வீடு) சாவி வாங்கிவிட்டோம். விளக்கு, பூட்டு, திரை எல்லாம் ஆப்பில் இயங்கும்படி செய்யலாம் என்கிறார் மனைவி.

வசதிக்கென்றால் செய்யுங்கள், சுற்றுச்சூழலுக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள். 2016 மே மாதம், வீட்டுச் சாதனங்களை இணைத்து இயக்கும் ரிவால்வ் என்ற 300 அமெரிக்க டாலர் பெட்டியின் சர்வரை நிறுத்தினார்கள். நன்றாக இருந்த பெட்டிகள் ஒரே நாளில் குப்பையாயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டு நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி அணைந்தன. கடைக்காரரிடம் கேளுங்கள்: “இணையத்தைப் பிடுங்கினாலும் விளக்கு எரியுமா?” தடுமாறினால் அடுத்த கடை.

சுவர் சுவிட்சையும் எடுத்துவிடாதீர்கள். என் வீட்டுக் கழிவறையில் அசைவைக் கண்டு எரியும் விளக்கு போட்டேன். உட்கார்ந்தபடி இருட்டில் கை வீசிக்கொண்டிருந்த அம்மா, மறுநாளே கழற்றச் சொல்லிவிட்டார்.

புக்கிட் பாத்தோக் வாசகி: எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்கிறீர்களே ஐயா, உருப்படியாக ஒன்றும் இல்லையா?

இருக்கிறது: குளிக்கும்போதே எத்தனை லிட்டர் ஓடியது என்று காட்டும் ஷவர் கருவி. புதிய வீடுகளில் பொதுப் பயனீட்டுக் கழகம் பொருத்திப் பார்த்தது. ஆளுக்கு நாளுக்கு 5 லிட்டர் வரை குறையும் என்று ஓர் ஆய்வு கண்டது. அது எதையும் தானாக அணைப்பதில்லை, எண்ணைக் காட்டுகிறது, நாம் கூச்சப்பட்டுக் குழாயை மூடுகிறோம். சுடுநீர் குறைந்தால் ஹீட்டர் செலவும் குறையும். இரண்டு குளியலறைக்கும் வாங்க வேண்டாம். உங்கள் வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பவர் யாரோ, அவர் பக்கத்தில் ஒன்று போதும்.