பிரித்துப் பார்க்காமல் எஞ்சினை மாற்றாதீர்கள்

கேள்வி: ஐயா, என்னுடையது பதினோரு வருடத்து ஆறு சக்கர லாரி. சித்தூரிலிருந்து லோடோடு வரும்போது ரேடியேட்டர் கொதித்துவிட்டது. டிரைவர் தண்ணீர் ஊற்றி வேலூர் வரை ஓட்டி வந்துவிட்டார். இப்போது கடகடவென்று சத்தம், ஆயில் பிரஷரும் இல்லை. ஒரு மெக்கானிக், எஞ்சினை முழுக்கப் பிரித்துச் சரிசெய்யும் ஃபுல் ஓவராயில் என்கிறார். இன்னொருவர், பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்கிறார். டியூ வேறு நெருங்குகிறது. எதைச் செய்ய?
- வாசகர், குடியாத்தம்

பதில்: தம்பி, முதல் வேலையாகச் சாவியைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம்’ என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். ஆயில் பிரஷர் இல்லாமல் சுற்றினால், சாணை பிடித்தால் பிழைக்கக்கூடிய கிராங்க்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) வீணாகிவிடும்.

இரண்டு பேருமே எஞ்சினைப் பிரிக்காமல் தீர்ப்புச் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆயிலை வடிக்கும்போது கூடவே நில்லுங்கள். பால் டீ மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அடியிலுள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றியதில் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விட்டிருக்கலாம். அடுத்து ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து வெயிலில் காட்டுங்கள். பளபளவென்று பொடி மின்னினால் கிராங்க்கைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கிறது. அப்புறம் பேரிங் கேப்பைக் கழற்றச் சொல்லுங்கள். நல்ல பேரிங் மங்கலான வெள்ளி நிறத்தில் இருக்கும். செம்பு நிறம் தெரிந்தால் அதன் மேல்பூச்சு போய்விட்டது.

இனி கிராங்க். லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று படிப்படியாகச் சாணை பிடித்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடலாம். முன்பே கடைசி சைஸுக்கு வந்துவிட்ட கிராங்க் என்றால் வேறு கிராங்க்தான்.

ஹெட், லைனர் (பிஸ்டன் ஓடும் உறை), பிஸ்டனோடு சேதம் நின்றிருந்தால் யோசிக்கவே வேண்டாம், ரிப்பேர் செய்யுங்கள். கிராங்க்குக்கு ஒரு சைஸ் மிச்சமிருந்தாலும் ரிப்பேர்தான். ஆனால் பிளாக்கில் விரிசல் இருந்தாலோ, பேரிங் தன் இடத்திலேயே சுழன்று ஹவுசிங்கைத் தின்றிருந்தாலோ அந்தப் பிளாக்கில் மேலும் பணம் போடாதீர்கள். அப்போது கம்பெனி ஹாஃப் எஞ்சினுக்கு, அதாவது ஹெட் இல்லாமல் வரும் எஞ்சினுக்கு, விலை கேளுங்கள். ஹெட் நன்றாக இருந்தால் அதையே அதன்மேல் மாட்டிக்கொள்ளலாம்.

பழைய எஞ்சின்தான் என்று முடிவானால் அதையும் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றிப் பார்த்தே வாங்குங்கள். பில் இல்லாத எஞ்சின் வேண்டவே வேண்டாம். எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில் இருக்கிறது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி மாற்ற வேண்டும். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு, நம்பர் பொருந்தாவிட்டால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

எந்த வழியில் போனாலும், கொதித்த காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட் எல்லாவற்றையும் பாருங்கள். நம் பாலாற்றுப் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு. ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைத்துவிடும். இனி கூலன்ட்தான் ஊற்ற வேண்டும்.

டிரைவரைக் கோபித்துக்கொள்வதற்கு முன் ஹீட் மீட்டர் வேலை செய்ததா என்று கேளுங்கள். தண்ணீர் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் எஞ்சின் கொதிக்கும்போதும் முள் சாதாரணமாகவே காட்டும், கொதிக்கத் தொடங்கியது அவருக்கு உடனே தெரிந்திருக்க வழியில்லை. ரேடியேட்டரில் லெவல் குறைந்தால் சத்தம் போடும் அலாரம் ஒன்றையும் இந்த வேலையோடு சேர்த்து மாட்டிவிடச் சொல்லுங்கள்.