விளிம்பைப் பாருங்கள், ஐயா

கேள்வி: எங்கள் சின்னத் தாத்தா 19 வயதில் தோட்டத்தை விட்டுப் பட்டாளத்துக்குப் போய், பர்மாச் சண்டையில் இறந்தவர். தகரப் பெட்டியில் அவருடைய மூன்று பதக்கங்கள் கிடைத்தன. கோயிலடியில் கல் நட்டு, 'வீரப்பதக்கம் பெற்றவர்' என்று பொறிக்கப் போகிறோம். பதக்கங்களைப் பளபளப்பாக்குவது எப்படி? (வாசகர், ஹட்டன்)

பதில்: பளபளப்பாக்கவே வேண்டாம். பிராசோ, புளி, சாம்பல் எதுவானாலும் தேய்க்கத் தேய்க்க உருவம் மழுங்கிப் போகும். நாடாவைக் கழுவினால் சாயம் போய்விடும். உங்கள் ஊர் ஈரத்துக்குப் பொலித்தீன் பையும் ஆகாது. உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்த வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள்.

இனிக் கல்லுக்கு வருவோம். ஆறுமுனை நட்சத்திரம் இரண்டு, வட்டப் பதக்கம் ஒன்று என்றால் அவை பெரும்பாலும் 1939-45 நட்சத்திரம், பர்மா நட்சத்திரம், போர்ப் பதக்கம். போர்க்காலத்தில் பணியாற்றியதற்கே இவை கிடைக்கும். வீரச் செயலுக்கு அல்ல. நட்சத்திரங்களைப் பிரிட்டன், பெற்றவர் பெயரைப் பொறிக்காமலே கொடுத்தது. சிப்பாய்களின் வீரத்துக்கான மிலிட்டரி மெடல் வேறு: வெள்ளி வட்டம், விளிம்பில் படை எண்ணும் பெயரும் இருக்கும். அது இல்லாமல் 'வீரப்பதக்கம்' என்று பொறித்தால், விஷயம் தெரிந்த ஒருவர் வந்து சிரித்துவிட்டுப் போவார்.

அதற்காகப் பையன் கோழை என்று ஆகிவிடாது. களத்திலேயே உயிர்விட்ட சிப்பாய்க்கு அந்தக் காலத்தில் மிலிட்டரி மெடல் கொடுக்க விதியே இடம் தரவில்லை. பிரிட்டிஷ் படையில் போர்க்களச் செயலுக்கு, இறந்தபின் கிடைக்கக்கூடியவை இரண்டுதான்: மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை, அல்லது தளபதியின் அறிக்கையில் பெயர்க் குறிப்பு. முதலாவதற்குச் செயலைக் கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். கூட இருந்தவர்களும் மடிந்துவிட்டால் யார் எழுதுவது? இரண்டாவதற்கு அடையாளம், போர்ப் பதக்க நாடாவில் குத்திய சிறு வெண்கல ஓக் இலை. நாடாவை வெளிச்சத்தில் பாருங்கள். இலை கழன்றிருந்தாலும் ஊசித் துளை தெரியலாம். ஆனால் துளையை மட்டும் நம்பிப் பொறிக்காதீர்கள். பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் பெயர் இருக்க வேண்டும்.

பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். பர்மாவில் இறந்து கல்லறை அறியப்படாத பலரின் பெயர்கள் தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் இருக்கின்றன. நம்மவர் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முதல் மூன்று எழுத்தை மட்டும் இட்டுத் தேடுங்கள்.

கல்லில் பெயர், தகப்பன் பெயர், தோட்டம், படைப்பிரிவு, இறந்த திகதி போதும். படை எண் கிடைத்தால் அதையும் சேருங்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், எண் ஒருவருக்குத்தான்.